இச்சாபுரத்தில் ரயில் நிற்காது!

புவனேஸ்வரத்தில் மழை இல்லை!

இதை ஒரு புகாராகத்தான் எழுதுகிறேன். வானம் சலவைக்குப் போட்டு வாங்கின வேட்டி மாதிரி பளிச்சென்று இருந்தது. சென்னை விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பும் என்று செல்போனுக்குச் செய்தி வேறு. முழங்கால் அளவு வெள்ளம் வேண்டாம் சார், ஒரு கணுக்கால் அளவாவது? ம்ஹூம். ஏர்போர்ட் ரோட்டில் புழுதி பறக்கப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

இது நடந்தது 2024 நவம்பரில். ஒரே ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் 'டானா' புயல் சிக்கியிருக்கும். (புயல் வேணும்னு கேக்கறவன் மனுஷனா என்று திட்டாதீர்கள். புயல் வேண்டாம். அது வந்த சுவடாக ஒரு குட்டை போதும் என்றுதான் சொல்கிறேன்.)

'அன்பே சிவம்' பார்த்தவர்கள் இந்நேரம் நமுட்டுச் சிரிப்பு சிரித்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. புவனேஸ்வர் ஏர்போர்ட்டில் மழையால் விமானம் ரத்து. விளம்பரப் படம் எடுக்கும் மாதவன் ஒரு பக்கம். சோடாபுட்டிக் கண்ணாடியும், தையல் போட்ட முகமும், இழுத்து இழுத்து நடக்கும் காலுமாக கம்யூனிஸ்ட் கமல் இன்னொரு பக்கம். இருவருக்கும் ஆகவே ஆகாது. ஆனால் இரண்டு பேரும் சென்னை போயாக வேண்டும். மாதவனுக்குக் கல்யாணம். கமல் கையில் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய செக். ஊரெல்லாம் வெள்ளம். ஒரே அறையில் தங்கி, பஸ் பிடித்து, கோரமண்டல் எக்ஸ்பிரஸைப் பிடிக்க இச்சாபுரம் என்கிற ஊருக்கு ஓடுகிறார்கள்.

அந்த இச்சாபுரத்தைப் பார்க்கத்தான் நான் ஏர்போர்ட்டுக்கு எதிர்த்திசையில் ஆட்டோ ஏறினேன்.

ஒரு கம்பெனியின் வெள்ளி விழா மலரை எழுதிக் கொடுக்க புவனேஸ்வர் வந்திருந்தேன். நான் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். (ஃப்ரீலான்ஸ் என்றால் ஃப்ரீயாக எழுதித் தருபவன் என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுபவர்கள் உண்டு. இவர்கள் நல்லவர்கள். காசும் கொடுத்து, திரும்பிப் போக விமான டிக்கெட்டும் போட்டிருந்தார்கள்.) அந்த டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு, கோரமண்டலில் ஸ்லீப்பர் டிக்கெட் வாங்கியதும் மனைவிக்கு போன் போட்டேன்.

"ஃப்ளைட்டை விட்டுட்டு ஸ்லீப்பர்லயா? பர்த்தாவது கன்ஃபர்ம் ஆச்சா?"

"ஆர்.ஏ.சி."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"வழியில இச்சாபுரம் வரும். பார்க்கணும்."

"அங்க என்ன இருக்கு?"

"ஸ்டேஷன் போர்டு."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் கோளாறு என்று நினைத்தேன். இல்லை.

* * *

ரயில் ராத்திரி பத்து மணி வாக்கில்தான். பகல் முழுக்கக் கையில் இருந்தது. ஆட்டோக்காரர் எங்கே என்று கேட்டதும் லிங்கராஜ் கோயில் என்றேன். 11-ம் நூற்றாண்டுக் கோயில். தஞ்சாவூர் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, இந்தக் கலிங்க விமானம் வேறு தினுசு. மக்காச்சோளக் கதிரை நட்டு வைத்த மாதிரி வளைந்து மேலே போகிறது. உள்ளே இருப்பவர் சிவன். மூன்று உலகத்துக்கும் ஈஸ்வரன், திரிபுவனேஸ்வரர். அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான் ஊரின் பெயரும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருமூலரின் திருமந்திரத்திலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டு, கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவனைக் கதாநாயகனாக வைத்து, கதையைக் கொண்டுபோய்ச் சிவன் பெயரிலேயே இருக்கும் ஊரில் தொடங்கியிருக்கிறார்கள்! இத்தனை தடவை பார்த்தும் இது தோன்றவில்லையே. யோசித்துச் செய்தார்களோ, தானாக அமைந்ததோ, எனக்கு அன்றைக்குப் பூராவும் காரணமில்லாத சந்தோஷம். கோயிலுக்கு வெளியே தஹி வடையை உருளைக்கிழங்கு மசாலாவில் முக்கிக் கொடுத்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு இது உயிர். இரண்டு பிளேட் சாப்பிட்டுக் கொண்டாடினேன்.

இதுதான் சார் விஷயம். ஓடின படத்தை நாம் பார்க்கிறோம், ரசிக்கிறோம், விசில் அடிக்கிறோம், வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுகிறோம். இன்னொரு ஜாதிப் படம் இருக்கிறது. அது ஓடியிருக்காது. ஆனால் இருபது வருஷம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஊரில், தஹி வடை தின்றுகொண்டிருக்கும்போது நம் மண்டைக்குள் திடீரென்று ஒரு காட்சி ஓடும். இங்கிலீஷில் இதற்கு 'கல்ட்' என்கிறார்கள். அது என்ன மாயம்? எந்தப் படத்துக்கு வாய்க்கும், எதற்கு வாய்க்காது?

கணக்கைக் கொஞ்சம் புரட்டுவோம்.

2003 பொங்கல். விக்ரமின் 'தூள்' ஜனவரி 10-ம் தேதியே வந்து தூள் கிளப்பிக்கொண்டிருந்தது. 15-ம் தேதி விஜய்யின் 'வசீகரா'வும் 'அன்பே சிவ'மும். முந்தின வருஷம் கமல் 'பம்மல் கே. சம்பந்தம்', 'பஞ்சதந்திரம்' என்று சிரிக்கச் சிரிக்க இரண்டு படம் கொடுத்திருந்தார். டைரக்டரோ 'உள்ளத்தை அள்ளித்தா' எடுத்த சுந்தர் சி. வசனம் கார்ட்டூனிஸ்ட் மதன். ஜனங்கள் என்ன எதிர்பார்ப்பார்கள்? வயிறு வலிக்கச் சிரிப்பு. கிடைத்தது என்ன? முகமெல்லாம் தழும்போடு ஒரு கமல், தொழிற்சங்கம், வீதி நாடகம், கடவுள் உண்டா இல்லையா என்று விவாதம். தியேட்டர்கள் காற்று வாங்கின. அதே சுந்தர் சி. அதே வருஷம் 'வின்னர்' எடுத்து, வடிவேலுவைக் கைப்புள்ளயாக்கி, தமிழ்நாட்டையே உருள வைத்தார்.

'அன்பே சிவம்' கணக்கு முடிந்தது என்று எல்லோரும் பேரேட்டை மூடிவிட்டார்கள். அப்புறம்தான் டி.வி.யில் போட ஆரம்பித்தார்கள். லீவு நாளில், சோப்பு விளம்பரத்துக்கும் ஊறுகாய் விளம்பரத்துக்கும் நடுவில். மதியச் சாப்பாடு முடிந்து பாயில் சாய்ந்தவர்கள், 'அட, என்ன படம் இது?' என்று எழுந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக. தனித்தனி வீட்டில். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் இதைக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு!

நான் பி.காம். எனக்கு இதை விளக்க ஒரே ஒரு பாஷைதான் தெரியும். 'வாராக்கடன்' என்று ஒன்று உண்டு. கடன் வாங்கியவன் இனிமேல் தரமாட்டான் என்று தெரிந்ததும், வியாபாரி ஒரு பெருமூச்சு விட்டு அதை நஷ்டக் கணக்கில் எழுதித் தள்ளிவிடுவார். அத்திபூத்தாற்போல, என்றைக்கோ ஒருநாள் அந்த ஆசாமியே கடை தேடி வந்து, 'அண்ணாச்சி, மன்னிச்சுக்கோங்க' என்று பணத்தை நீட்டுவான். அந்த வரவுக்கும் கணக்கில் தனியாக ஒரு தலைப்பு உண்டு. தள்ளிய வாராக்கடன் வசூல்.

'கல்ட்' படம் என்பது அதுதான். தியேட்டரில் நாம் கொடுக்காமல் விட்ட கடன். பிற்பாடு மனசு உறுத்தி, வட்டியும் முதலுமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். வட்டி கொஞ்சம் கூடுதல்தான். அதனால்தான் இந்த ரசிகர்கள் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறார்கள்.

என் கடன் கொஞ்சம் பெரிசு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

* * *

கோரமண்டல் வந்தது. ஸைடு லோயர் பர்த்தில் பாதி என்னுடையது. மறுபாதியில் ஏற்கெனவே ஒருவர் சம்மணமிட்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். மடியில் டிபன் டப்பா, பக்கத்தில் ரசகுல்லா டின், காலடியில் இரண்டு பை. ஆர்.ஏ.சி. என்றால் என்னவென்று பட்டவர்களுக்குத் தெரியும். ஒரு பர்த், இரண்டு ஆசாமி, நான்கு கால். ராத்திரி முழுக்க யார் கால் யார் மூக்கருகே என்பதுதான் பிரச்னை.

"சார், கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?" என்றேன் இந்தியில். என் இந்தியைக் கேட்டதுமே, "தமிழா?" என்றார்.

விருதுநகர்க்காரர். ஒரிசாவில் ஒரு ஸ்டீல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். சின்னச் சண்டையோடுதான் ஆரம்பித்தது. ஜன்னலைத் திற என்று நான், கொசு வரும் மூடு என்று அவர். லைட்டை அணை என்று அவர், புஸ்தகம் படிக்கணும் என்று நான். பிறகு பதினொன்றேகாலுக்கு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் செல்போனை எடுத்து அலாரம் வைத்தோம்.

நான் எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டேகால். அவரும் எட்டிப் பார்த்தார். என்னுடையதும் பன்னிரண்டேகால்.

"விசாகப்பட்டினம் விடியக்காலைதானே சார் வரும்?" என்றேன் மெதுவாக.

"ஆமா."

"அப்ப பன்னிரண்டேகாலுக்கு...?"

கொஞ்சம் வெட்கப்பட்டார். "ஒண்ணுமில்ல. ஒரு ஸ்டேஷன் வரும். இந்த வண்டி அங்க நிக்காது. சும்மா பாக்கலாம்னு."

"இச்சாபுரமா?"

அந்த மனுஷர் முகத்தைப் பார்க்கணுமே! காணாமல் போன தம்பியைத் திருவிழாவில் கண்டுபிடித்தாற்போல. டிபன் டப்பாவை மூடி வைத்தார். காலை மடக்கிக்கொண்டார். ஜன்னலைத் திறந்து விட்டார். ரசகுல்லா டின் என் பக்கம் நகர்ந்தது.

"தம்பி, நான் ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் பாப்பேன். கூட வர்றவங்க லூசுன்னு நினைச்சுக்குவாங்க. உங்களுக்கு எப்படி?"

* * *

அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் பேசியதை எழுதினால் இந்த இதழ் போதாது. வெளியே சிலிகா ஏரி இருட்டுக்குள் இருட்டாகப் போய்க்கொண்டிருந்தது. நாட்டிலேயே பெரிய உப்பங்கழி. எங்களுக்கு அது ஒரு கறுப்புத் துணி.

அவர் பார்த்தது ஹாஸ்டலில், தேய்ந்த சி.டி.யில். நடுவில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுமாம். 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது, ஹாஸ்டலில் இவருக்கு மட்டும்தான் அந்த வார்த்தை முன்பே தெரியும். 2003 ஜனவரியில் வந்த படத்தில் சுனாமி பற்றிப் பேச்சு வருகிறது இல்லையா? "அன்னிக்கு எல்லாரும் என்னைய ஏதோ விஞ்ஞானி மாதிரி பாத்தானுவ தம்பி. நான் படம்தான் பாத்தேன்னு சொல்லல" என்றார்.

நான் என் வாராக்கடன் தத்துவத்தை எடுத்து விட்டேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஓட்டை இருக்கே. ஓடாத படமெல்லாம் கல்ட்டுன்னா, கோடம்பாக்கம் முழுக்கக் கோயில்தான் கட்டணும். எத்தனையோ நல்ல படம் ஓடாம போய் அப்படியே மறந்தும் போச்சு. இதுக்கு மட்டும் ஏன் கடன் கட்டறோம்?"

ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். இருப்புக் கணக்கில் ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் அவர் உத்தியோகம். எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்தோம்.

அமெரிக்காவில் 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' என்று ஒரு படம். 1975-ல் வந்து விழுந்தது. மறு வருஷம் நியூயார்க்கில் நடுராத்திரிக் காட்சியாகப் போட்டார்கள். விசித்திர வேஷம் போட்ட ஆசாமிகளின் கதை அது. பார்க்க வந்தவர்களும் அதே வேஷம் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்! திரையைப் பார்த்துப் பதில் வசனம் பேசினார்கள். 'தி பிக் லெபௌஸ்கி' 1998-ல் வந்தது. டிரெஸ்ஸிங் கவுனோடு சுற்றிக்கொண்டு பௌலிங் ஆடும் ஒரு சோம்பேறியின் கதை. 2002-ல் லூயிவில் என்ற ஊரில் அதன் ரசிகர்கள் கூடித் திருவிழாவே எடுத்தார்கள். என்ன திருவிழா? அதே கவுனைப் போட்டுக்கொண்டு பௌலிங் ஆடுவது!

நம்மூர்க் கணக்குக்கு 'குணா'. 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு வந்தது. 'தளபதி' பக்கம்தான் கூட்டம். ஆனால் கொடைக்கானலில் வெள்ளைக்காரன் 'டெவில்ஸ் கிச்சன்' என்று பேர் வைத்த குகைக்கு இன்றைக்கு என்ன பேர்? குணா குகை! படத்தில் நாயகன் போன குகைக்குள் தானும் போய்ப் பார்க்கணும் என்று போனவர்கள் எத்தனை பேர். சிலர் திரும்பி வராததால் வேலி போட வேண்டியதாயிற்று. 2006-ல் அங்கே விழுந்த நண்பனை மீட்ட கேரளத்துப் பையன்களின் கதைதான் 2024-ல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்'. ('குணா'வை டைரக்ட் செய்த சந்தானபாரதிதான் 'அன்பே சிவ'த்தில் வில்லனின் அடியாள். ரசிகனுக்கு இந்த மாதிரி முடிச்சு கிடைத்தால் போதும், ஒரு வாரம் சாப்பாடு வேண்டாம்.)

"அப்ப கணக்கு புரியுது தம்பி" என்றார் விருதுநகர்க்காரர். "படத்துல நடக்கிறத, பாக்கிறவனும் செஞ்சு பாக்கணும்னு எது தூண்டுதோ, அது பொழைச்சுக்கும். கவுன் மாட்டலாம். குகைக்குள்ள போகலாம். சும்மா கைதட்டிட்டுப் போறதோட முடிஞ்சா அது ஹிட்டு. அம்புட்டுதான்."

"இந்தப் படத்துல என்ன செய்யறது? கம்யூனிஸ்ட் ஆகறதா?"

சிரித்தார். ஸைடு லோயரில் பாதியைக் காட்டினார். தன்னைக் காட்டினார். என்னைக் காட்டினார். "இதான். ஆகாத ரெண்டு பேரு, ஒரு ராத்திரி, ஒரு இடத்துல உக்காந்து பேசறது. படத்துல வேற என்ன இருக்கு?"

பேச்சு கொஞ்ச நேரம் நின்றது. ரயில் சத்தம் மட்டும்.

பிறகு அவரே சொன்னார். "2023 ஜூன் 2-ம் தேதி நான் டூட்டியில இருந்தேன்."

சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இதே கோரமண்டல். பாலசோர் பக்கத்தில் பாஹாநாகா பஜார் ஸ்டேஷனில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்றைக்கு நான் புவனேஸ்வரத்தில் ஏறுவதற்கு முன்னால் இந்த வண்டி அந்த இடத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.

"அன்னிக்கு ராத்திரி பாலசோர் ஆஸ்பத்திரியில ரத்தம் குடுக்க எம்புட்டுக் கூட்டம் தெரியுமா? யாரு, எந்த ஊரு, என்ன பாஷைன்னு ஒருத்தனும் கேக்கல. வரிசையில நின்னாங்க. மறுநாள் எங்க பயலுகளும் ஒரு வேன்ல கிளம்பிப் போனானுவ. நானும் போனேன். எனக்கு ஊசின்னா பயம்."

படத்தில் ரயில் விபத்தில் அடிபட்ட ஒரு சிறுவன் வருவான். மாதவன் ரத்தம் கொடுப்பார். அப்படியும் பையன் பிழைக்க மாட்டான். யாரோ ஒரு பிள்ளைக்காக அழுகிற மனசு இருக்கிறதே, அதுதான் கடவுள் என்கிற மாதிரி கமல் சொல்வார். லட்சம் பேர் செல்போனில் ஸ்டேட்டஸ் வைத்த காட்சி. நானும் வைத்திருக்கிறேன். காபி குடித்துக்கொண்டே.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. வேனில் ஏறியிருக்கிறார்.

நான் இன்னொரு ரசகுல்லா எடுத்துக்கொண்டேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

* * *

பெர்ஹாம்பூர் தாண்டியதும் எழுந்து போய்க் கதவருகே நின்றோம். கதவைச் சாத்தியேதான் வைத்திருந்தோம். (வீட்டில் இதைப் படிப்பார்கள்!) அதன் கம்பி ஜன்னலில் இரண்டு முகமும் நெருக்கியடித்துக்கொண்டு. கக்கூஸுக்கு வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு, 'யாராவது விழுந்துட்டாங்களா?' என்கிற மாதிரி வங்காளத்தில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினோம். அவரும் கொஞ்ச நேரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எங்களைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

ஒரிசா முடிந்து ஆந்திரா தொடங்குகிற முதல் ஊர் இச்சாபுரம். எல்லையில் கோடா போட்டிருக்கிறது? இருட்டு. தென்னை மரம் மாதிரி ஏதோ. ஒரு லெவல் கிராசிங். லாரி ஒன்றின் ஹெட்லைட்.

"வருது, வருது..."

குழல் விளக்குகள் வரிசையாக ஓடின. ஒரு சிமென்ட் பெஞ்சு. பெஞ்சுக்குக் கீழே சுருண்டு படுத்திருந்த ஒரு நாய். (சத்தியமாக இருந்தது. நானாகச் சேர்க்கவில்லை.) மஞ்சள் போர்டு. கறுப்பு எழுத்து. இரண்டு விநாடி. முடிந்தது.

விமானக் கட்டணத்தை விட்டு, ஆர்.ஏ.சி.யில் முதுகு ஒடிந்து, ராத்தூக்கம் கெட்டுப் பார்த்தது அவ்வளவுதான். மஞ்சள் போர்டு எல்லா ஊரிலும் இருக்கிறது. சோழவந்தானில் இதைவிடப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு டிக்கெட் எந்தக் கவுன்ட்டரிலும் கிடைக்காது.

விசாகப்பட்டினத்தில் ஒரு கன்ஃபர்ம் பர்த் காலியாயிற்று. டி.டி.ஆர். யாருக்கு வேண்டும் என்று கேட்டார். "நீங்க படுங்க தம்பி" என்று என்னைத் தள்ளிவிட்டு, அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனார்.

* * *

காலையில் ராஜமுந்திரி. கோதாவரிப் பாலத்தில் வண்டி தடதடக்க, ஜன்னலோரத்து ஆந்திரப் பாட்டி நாணயம் ஒன்றை ஆற்றில் வீசிக் கும்பிட்டாள். எந்தக் காலத்து வேண்டுதலோ. அவளும் ஏதோ கடன் கட்டுகிறாள்.

எனக்கு என் கடன் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு போன் போட்டேன்.

என் அப்பா ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பஞ்சாலையில் டைம்கீப்பர். 2001-ல் மில்லை மூடிவிட்டார்கள். செட்டில்மென்ட் பணம் வரவில்லை. கேஸ் போட்டு, சங்கத்தோடு சேர்ந்து நடையாய் நடந்தார். அந்தப் பணம் வந்து சேர்ந்தது 2013-ல். கேட்டதில் பாதி. 'கணக்குத் தெரிஞ்சவனை ஏமாத்த முடியாதுடா' என்று என்னை பி.காம். சேர்த்ததெல்லாம் அந்த வேகத்தில்தான்.

2003 பொங்கலுக்கு எனக்கு வயது 15. 'தூள்' பார்த்தே தீரணும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா 'டிக்கெட் இல்லடா' என்று சொல்லி 'அன்பே சிவ'த்துக்குக் கூட்டிப் போனார். டிக்கெட் இல்லாமலா? அவர் அந்த க்யூ பக்கமே போகவில்லை என்பது எனக்குத் தெரியும். தியேட்டரில் முப்பது பேர் இருந்தால் அதிகம். எனக்கு ஆத்திரம். இடைவேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'வலிக்குதுப்பா' என்று முனகினேன். அப்பா ஒரு தடவை திரையைப் பார்த்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

தொழிலாளிகளின் செக்கைப் பத்திரமாகச் சுமந்து வருகிற ஒருத்தனின் கதையில், அந்த செக் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமலே என் அப்பா வீட்டுக்கு வந்தார். யார், செட்டில்மென்ட் செக்குக்காகக் காத்துக்கொண்டிருந்த மனுஷர்!

மூன்று நான்கு வருஷம் கழித்து டி.வி.யில் மிச்சத்தைப் பார்த்தார். கடைசியில், "செக் வந்திருச்சுடா" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குத்தான் நானும் முழுசாகப் பார்த்தேன். அப்புறம் எத்தனை தடவை பார்த்தும் இடைவேளை கார்டு வரும்போதெல்லாம் எனக்கு நிஜமாகவே வயிறு என்னமோ செய்யும். அந்தத் தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். போய்க் கட்டலாம் என்றால் கவுன்ட்டரே இல்லை.

"அப்பா, இச்சாபுரம் பாத்தேன்."

"அப்படியா! வண்டி நின்னுச்சா?"

"நிக்கலப்பா." கொஞ்சம் மென்று விழுங்கினேன். "அப்பா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு தியேட்டர்ல... எனக்கு வயித்து வலியே இல்லப்பா."

இருபத்தொரு வருஷம். பாலம் முடிகிறவரைக்கும் தடதட சத்தம்தான் கேட்டது.

"தெரியும்டா" என்றார் அப்பா. "வயித்து வலின்னு சொன்னவன் பஸ் ஸ்டாண்டு கடையில நாலு பரோட்டா தின்ன."

"பின்ன ஏம்ப்பா எந்திரிச்சு வந்தீங்க?"

"நீ எனக்காக முதல் பாதி உக்காந்திருந்தேல்ல. நான் உனக்காக ரெண்டாவது பாதி எந்திரிச்சேன். சரியாப் போச்சு. வைக்கட்டுமா? காப்பி ஆறுது."

பி.காம். படித்தது நான். கணக்கை நேர் செய்தது அவர்.